முள்ளழகியின் வெள்ளைப் பல்

நாவல்மடு என்ற குளத்தின் கரையில், பாறை இடுக்கில் இருந்த ஒரு வளையில் முள்ளழகி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். அவள் கணவன் பெயர் ஈட்டியப்பன். அவர்களுக்கு ஒரே ஒரு குட்டி. பிறந்து சில வாரங்களே ஆகியிருந்ததால் இன்னும் பெயர் வைக்கவில்லை. குட்டி என்றே கூப்பிட்டார்கள்.

முள்ளழகிக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். ஈட்டியப்பன் கால் தடுக்கி விழுந்தால் சிரிப்பாள். தானே விழுந்தாலும் சிரிப்பாள். சிரிக்கும்போது அவளுடைய முன்பற்கள் நன்றாகத் தெரியும். பழுத்த பலாச்சுளை போல நல்ல மஞ்சள் நிறம். அணில், எலி, பெருச்சாளி என்று கொறித்துத் தின்னும் கூட்டத்துக்கே பல் அப்படித்தான். அதைப் பற்றி அதுவரை யாரும் யோசித்ததில்லை.

ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்தவளிடம் ஒரு கொக்கு பேச்சுக் கொடுத்தது.

"ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே" என்றது.

தப்பாக எடுத்துக்கொள்ளும்படி எதையாவது சொல்லப்போகிறவர்கள்தான் இப்படி ஆரம்பிப்பார்கள்.

"நீ வாயைத் தொறக்காத வரைக்கும் லட்சணமாத்தான் இருக்கே. சிரிச்சா உள்ள துருப்பிடிச்ச கடப்பாரை தெரியுது."

கொக்குக்குப் பல்லே கிடையாது. பல் இல்லாதவர் பல்லைப் பற்றிச் சொன்னதை ஏன் பெரிதுபடுத்த வேண்டும் என்று முள்ளழகி நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. குனிந்து தண்ணீரில் தன் வாயைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். பேசும்போதுகூட ஒரு தேக்கிலையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"பல்லு வலியா?" என்று கேட்டான் ஈட்டியப்பன்.

"அதெல்லாம் ஒன்னுமில்ல. நீங்க கிழங்கைத் தின்னுங்க" என்றாள் இலைக்குப் பின்னாலிருந்து.

அந்தச் சமயம் பார்த்துத்தான் வகிடன் ஊருக்குள்ளிருந்து காட்டுக்குத் திரும்பி வந்தான். வகிடன் ஒரு குரங்கு. தலைமயிர் நடுவகிடு எடுத்ததுபோல இருக்கும், அதனால் அந்தப் பெயர். ஊரில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்து, டாக்டர் பல்லைத் தேய்த்து வெள்ளையாக்குவதை அவன் தினமும் பார்த்திருந்தான். டாக்டர் தேய்ப்பதற்கு முன்னால் என்னென்ன கேட்கிறார் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. ஜன்னல் கண்ணாடி மூடியிருந்தது. பார்க்க முடிந்ததே தவிர, கேட்க முடியவில்லை.

வகிடன் ஆலமரத்தடியில் கடை போட்டான். சொரசொரப்பான ஆற்றுக்கல் ஒன்று, கொஞ்சம் அடுப்புச் சாம்பல், கொஞ்சம் புளி. சாய்ந்து உட்கார ஒரு கரையான் புற்று. விளம்பரத்துக்கு அவன் வாயே போதும்.

"என் பல்லைப் பாருங்க. நேத்து பெய்ஞ்ச மழையில கழுவின மாதிரி இல்ல? உங்க பல்லும் இப்படி ஆகணுமா, வேண்டாமா?"

முள்ளழகி முதல் ஆளாகப் போய்ப் புற்றில் சாய்ந்தாள். கூலி ஒரு சீப்பு வாழைப்பழம்.

வகிடன் புளியைப் பூசினான். சாம்பலைத் தொட்டான். கல்லை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். தேய்த்தான், தேய்த்தான், மஞ்சள் துளிகூட இல்லாமல் போகும்வரை தேய்த்தான். முள்ளழகிக்கு உச்சந்தலைவரை கூசியது.

"கூசுதுப்பா."

"அழகுன்னா கொஞ்சம் கூசத்தான் செய்யும்க்கா. பொறுத்துக்கோங்க."

எழுந்து போய்க் குளத்தில் பார்த்தாள். இளந்தேங்காய்ப் பத்தை போல வெள்ளை வெளேரென்று பல்! அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. தேக்கிலையைத் தூக்கி எறிந்துவிட்டு, எதிரே வந்தவர்களை எல்லாம் நிறுத்திச் சிரித்துக் காட்டினாள். மறுநாள் காலையிலேயே வகிடன் கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அணில்கள், பெருச்சாளிகள், வயலெலிகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன.

வீட்டில் மட்டும் முள்ளழகி வாயை அதிகம் திறக்கவில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் சுரீர் என்றது. கிழங்கைக் கடித்தால் வழுக்கிக்கொண்டு போனது. பசியோடு படுத்தாள். ஈட்டியப்பனிடம் சொன்னால் பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்று சொல்லவில்லை.

முள்ளம்பன்றிக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. குட்டி வளையில் இருக்கும்வரை, தாயோ தகப்பனோ யாராவது ஒருவர் வாசலில் காவல் இருக்க வேண்டும். வகிடன் கடையில் கூட்டம் சேர்ந்த அன்று ஈட்டியப்பன் கிழங்கு தேடி மேட்டுக்குப் போயிருந்தான். காவல் முள்ளழகியுடைய முறை. மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை வந்து குளம் கலங்கிவிட்டால் முகம் தெரியாதே என்று அவளுக்குத் தோன்றியது. ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று குளத்துக்குப் போனாள்.

பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் காற்று எழும்பியதுகூடத் தெரியவில்லை. பின்னால் படாரென்று ஒரு சத்தம் கேட்டபிறகுதான் திரும்பினாள். வளைக்கு மேலே நின்ற மருத மரத்தின் பெரிய கிளை ஒடிந்து விழுந்திருந்தது. கிளையின் கவட்டை பாறை இடுக்கில் ஆப்பு அடித்ததுபோல இறங்கி, வளையின் வாயை அடைத்துக்கொண்டது. மழையும் கொட்டத் தொடங்கியது. சரிவில் ஓடிவந்த தண்ணீர் கிளைக்கு அடியில் புகுந்து வளைக்குள்ளே போனது.

"அம்மா, தண்ணி வருதும்மா" என்றது உள்ளேயிருந்து குட்டி.

"பயப்படாதே கண்ணு, இதோ வந்துட்டேன்."

முள்ளழகி கிளையைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. தோண்டிப் பார்த்தாள். சுற்றிலும் பாறை. கிளையைக் கொறித்து வழி செய்வதைத் தவிர வேறு வழியில்லை. அதைவிடத் தடிமனான கட்டையெல்லாம் அவள் விளையாட்டாகக் கொறித்துத் தள்ளியவள்தான். வாயை அகலமாகத் திறந்து கடித்தாள்.

பல் வழுக்கியது. மறுபடியும் கடித்தாள். பட்டை கொஞ்சம் கீறியது, அவ்வளவுதான். வலி தலைக்கு ஏறிக் கண்ணில் நீர் வந்தது. அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. கொறிக்கும் பிராணிகளின் பல்லில் இருக்கும் அந்த மஞ்சள், அழுக்கு அல்ல. அதுதான் பல்லின் கெட்டியான முன்பக்கம். பின்பக்கம் தேயத் தேய, முன்பக்கம் தேயாமல் நின்று, உளி போல முனை கொடுக்கிறது. குரங்குப் பல்லில் கறை எதுவோ, அது முள்ளம்பன்றிப் பல்லில் உயிர். வகிடன் தேய்த்து எறிந்தது அதைத்தான்.

"அம்மா, கழுத்து வரைக்கும் வந்துடுச்சு" என்றது குட்டி.

முள்ளழகி ஆலமரத்தடிக்கு ஓடினாள். அந்த மழையிலும் ஆளுக்கொரு இலையைத் தலையில் பிடித்துக்கொண்டு வரிசை நின்றிருந்தது. சிவப்பி என்ற மலையணில் புற்றில் சாய்ந்து வாயைத் திறந்திருந்தாள். வகிடன் கையில் கல்லை எடுத்துவிட்டான்.

முந்தின நாள் இதே கூட்டத்துக்கு நடுவில்தான் முள்ளழகி சிரித்துக் காட்டியிருந்தாள். இப்போது அதே வாயால் சொல்ல வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"கல்லைக் கீழ போடு வகிடா! இந்தப் பல்லு பார்க்கத்தான் அழகு. கடிக்க உதவாது. என் குட்டி வளைக்குள்ள மாட்டிக்கிச்சு, தண்ணி ஏறுது, என்னால ஒரு கட்டையைக் கொறிக்க முடியல. உங்க எல்லாருக்கும் மஞ்சள் பல்லு இன்னும் இருக்கு. கொஞ்சம் வாங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்."

சிவப்பி புற்றிலிருந்து குதித்தாள். "எந்தப் பக்கம்க்கா?" என்று மட்டும் கேட்டாள். வரிசை அப்படியே கலைந்து, குளத்துப் பக்கம் ஓடியது.

போனதும் போகாததுமாக எல்லோரும் கிளையில் விழுந்து கொறிக்க ஆரம்பித்தார்கள். பெருச்சாளிகள் கீழே, வயலெலிகள் பக்கவாட்டில், சிவப்பி மேலே. கறகறவென்று சத்தம். மழையோடு மரத்தூளும் பறந்தது. ஆனால் உள்ளேயிருந்து குட்டியின் குரல் நின்றுவிட்டிருந்தது.

வகிடனும் பின்னாலேயே ஓடி வந்திருந்தான். அவன் பல் இந்த வேலைக்கு ஆகாது என்று அவனுக்கே தெரிந்தது. ஆனால் அவனுக்கு நீளமான கை இருந்தது. சேற்றில் குப்புறப் படுத்து, கிளைக்கும் பாறைக்கும் நடுவிலிருந்த சந்தில் கையை விட்டான். தோள்வரை விட்டுத் துழாவினான்.

"கிடைச்சுடுச்சு" என்றான். "தலையைத் தூக்கிப் பிடிச்சிருக்கேன். நீங்க கொறிங்க, நிறுத்தாதீங்க."

உள்ளே ஒரு இருமல் கேட்டது. பிறகு அழுகை. குட்டியின் இளமுட்கள் வகிடன் கையில் குத்தின. அவன் கையை எடுக்கவில்லை.

கவட்டையின் ஒரு கிளை முறிந்தது. வழி கிடைத்ததும் முள்ளழகி தலையை உள்ளே விட்டுக் குட்டியைக் கவ்வி வெளியே இழுத்தாள். கவ்வுவதற்கு மட்டும் அந்தப் பல் போதுமானதாக இருந்தது. குட்டி நனைந்து, நடுங்கி, தும்மிக்கொண்டு, முழுசாக இருந்தது. முள்ளழகி சேற்றிலேயே உட்கார்ந்து குட்டியை நக்கிக்கொண்டு அழுதாள். இவ்வளவு நிம்மதி அவளுக்கு வாழ்க்கையில் அதற்கு முன்பு வந்ததில்லை.

மழை விட்டபின் ஈட்டியப்பன் ஓடி வந்தான். நடந்ததை எல்லாம் அவள் ஒளிக்காமல் சொன்னாள், காவலை விட்டுப் போனது உட்பட. திட்டு வாங்கத் தயாராக நின்றாள்.

ஈட்டியப்பன் குட்டியை முகர்ந்து பார்த்தான். "காவலை விட்டது தப்பு. அதை நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியதில்ல" என்றான். "உன் பல்லு எனக்குப் புடிக்கும்னு நானும் ஒருநாள்கூட வாய் தொறந்து சொன்னதில்ல. கொக்கு முந்திக்கிச்சு."

முள்ளழகி தேய்ந்த பல்லைக் காட்டி, "இனிமே எப்படிங்க கடிச்சுத் தின்பேன்?" என்று கேட்டாள்.

"நம்ம பல்லு சாகிற வரைக்கும் வளர்ற பல்லு. கொஞ்ச நாளைக்கு நான் மென்னு தர்றேன், நீ முழுங்கு."

அவன் சொன்னபடியே மழைக்காலம் முடிவதற்குள் தேய்ந்த முனை போய், அடியிலிருந்து புதுப் பல் மஞ்சளாக மேலேறி வந்தது. அவள் ஒரு காய்ந்த மான்கொம்பை எடுத்து ஆசை தீரக் கொறித்தாள்.

வகிடன் கை ஆறியதும் மறுபடி கடையைத் திறந்தான். இந்த முறை கல் இல்லை. பல் இடுக்கில் மாட்டிய நாரையும், காலில் தைத்த முள்ளையும் எடுத்துவிட்டான். யார் வந்தாலும், "இந்தப் பல்லால நீங்க என்ன திம்பீங்க?" என்று முதலில் கேட்டான். கண்ணாடிக்குப் பின்னால் டாக்டரும் ஏறக்குறைய அதைத்தான் கேட்டிருப்பார்.

ஒருநாள் காலையில் குட்டி அழுதுகொண்டே வந்து வாயைத் திறந்து காட்டியது. "அம்மா, என் பல்லு வெள்ளையா இருந்துச்சு. இப்ப அழுக்காயிட்டே வருது."

முள்ளழகி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். குட்டியின் முன்பல்லில் மெல்லிய மஞ்சள் ஏறியிருந்தது. அவள் சந்தோஷத்தோடு ஒரு மரக்கட்டையைக் குட்டியின் முன்னால் உருட்டிவிட்டு, "கடிச்சுப் பாரு" என்றாள்.

அடுத்தவர் கண்ணுக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று நம்மிடம் இருப்பதை மாற்றுவதற்கு முன்னால், அது நமக்கு என்ன வேலை செய்துகொடுக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.