தேரிக்காட்டு வெளிச்சம்

ஆறுமுகநயினார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பணிக்காலம் முழுக்கக் கப்பல் நேரம் தவறாமல் சரக்கு ஏற்றினார். ஓய்வு பெற்ற கையோடு பெரிய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு பாக்கியசீலியிடம் வந்து சேர்ந்தார்.

பாக்கியசீலிக்கு அவருடைய மகள் வயது. நிலத்தைத் தவிர வேறெதையும் அவள் படம் எடுப்பதில்லை. அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

கடலோரமாய் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் செம்மணல் காட்டுக்கு அந்தப் பக்கத்தில் தேரி என்று பெயர். பாடம் அங்கேதான் நடந்தது.

முதல் நாள் காலையிலிருந்தே இருவரும் ஒரு கொல்லாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆடி மாதம். காற்று மணலை வாரி முகத்தில் வீசியது. உச்சிப்பொழுதும் ஆயிற்று. அவள் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"எப்பதான் டீச்சர் எடுக்கது?"

"வெளிச்சம் வரட்டும் அண்ணாச்சி."

"மண்டையைப் பிளக்குது. இன்னும் வெளிச்சம் வரலியா?"

"வெயில்தான் வந்திருக்கு."

நயினாருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் கேமராவைத் தூக்கிக்கொண்டு மணல்மேட்டில் ஏறினார். அங்கிருந்து ஒரு படம் எடுத்தார். கீழே ஒரே சிவப்பு, மேலே ஒரே நீலம். நன்றாகத்தான் இருப்பதாகப் பட்டது. கொண்டுபோய்க் காட்டினார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல என்ன இருக்கு?"

"மணல்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"சரி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்தச் 'சரி' அவருக்கு உறைத்தது. வீம்புக்கென்றே அந்தப் படத்தைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் போனில் அனுப்பினார். ஆளாளுக்குப் பாராட்டினார்கள். முன்பின் தெரியாத ஒருவர்கூடக் கூப்பிட்டு, படம் பிரமாதம் என்று சொல்லி, பெரிதாக அச்சடிக்கக் கேட்டார். நயினார் மனம் குளிர்ந்து கொடுத்துவிட்டார்.

சில நாள் கழித்து, தேரியை ஒட்டிய ஊத்துவிளை பஸ் நிறுத்தத்தில் அந்தப் படம் பேனராக நின்றது. மணலைத் தோண்டி எடுக்க அனுமதி கேட்டிருந்த ஒரு கம்பெனி வைத்த பேனர். 'மனிதர் கால்படாத தரிசு. இனி ஊருக்கு வாழ்வு' என்று எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம்.

நயினார் பாக்கியசீலியின் வீட்டுக்கு ஓடினார்.

"என் படத்தைப் போட்டிருக்கானுவ டீச்சர்! கால்படாத இடமாம்! ஊத்துவிளைப் பொம்பளைய பூராவும் தேரிக்குள்ள இருக்கிற ஊத்துலதான தண்ணி எடுக்காவ? ஆடு மாடெல்லாம் அங்கதான குடிக்குது?"

"ஆமா."

"பொய் சொல்லுதான்!"

"உங்க படத்துல உள்ளதைத்தான அண்ணாச்சி அவன் எழுதியிருக்கான்."

நயினார் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்: "நம்ம வேற படம் எடுத்துட்டுப் போவோம். இன்னைக்கே."

"எடுப்போம். காத்து அடங்கணும்."

மறுநாளிலிருந்து இருட்டோடு இருட்டாகக் கிளம்பினார்கள். கிழக்கு வெளுக்கும் நேரத்தில் பெண்கள் குடங்களோடு வரிசையாய்த் தேரிக்குள் வந்தார்கள். முன்னால் வந்தவள் தங்கபுஷ்பம்.

"என்ன அண்ணாச்சி, பொண்ணு மாப்பிள்ளை இல்லாம கேமராவோட உக்காந்திருக்கிய?"

எல்லாரும் சிரித்தபடி கடந்து போனார்கள். படம் எடுக்க அந்த வெளிச்சம் போதாது. அவர்கள் பின்னாலேயே காற்று வந்தது. பதிந்த காலடிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனது. அவர்கள் தண்ணீரோடு திரும்பிய பிறகு சூரியன் மேலே வந்தபோது மணல் வழித்துவிட்டதுபோல் கிடந்தது.

பாக்கியசீலி எழுந்து சேலையை உதறினாள். "போலாம்."

அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாள் காற்று சற்றுக் குறைந்தது. ஆனால் மேகம் மூடிக்கொண்டது. நயினாருக்குத் தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மேகம் விலகியது. மேற்கே வானம் பொன்னாய் உருகி ஓடியது. மணல் முழுக்கத் தீப்பிடித்ததுபோல் இருந்தது.

"எடுங்க டீச்சர்! இதைவிட வெளிச்சம் எங்க வரும்?"

"அழகாத்தான் இருக்கு. ஆனா யாரும் இல்லையே."

"ஊர்ல போய்ச் சொல்லுதேன். தங்கபுஷ்பமும் மத்தவங்களும் குடத்தோட வந்து ஒருதடவ நடந்துட்டுப் போகட்டும்."

அவள் சட்டென்று திரும்பினாள். அவள் குரல் உயர்ந்ததை அவர் அன்றுதான் கேட்டார்.

"நடிக்க வச்சு எடுக்கச் சொல்லுதியளா?"

"அவங்க தினம் நடக்கதுதான?"

"தினம் நடக்கதை நடக்கும்போது எடுப்போம்."

"நாளைக்குக் கூட்டம் டீச்சர்! படமில்லாமப் போனா மண்ணு போயிரும். ஊத்து போயிரும்."

"வெறுங்கையோட போவேன் அண்ணாச்சி. அவனுக்குப் பேனரு இருக்கு, எனக்கு வாய் இருக்கு. ஜோடிச்ச படத்தைத் தூக்கிட்டு மட்டும் போகமாட்டேன்."

நயினார் கேமராவைப் பையில் போட்டார். அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். இனி இவளிடம் பாடமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் விடிவதற்கு முன்னால் விழிப்பு வந்துவிட்டது. வாசலில் நின்ற வேப்பமரத்தில் இலை அசையவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தேரிக்கு ஓடினார். அவள் ஏற்கெனவே மேட்டில் உட்கார்ந்திருந்தாள். அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பெண்கள் வந்தார்கள், போனார்கள். ஆடுகள் வந்தன. மயில் ஒன்று தோகையை இழுத்துக்கொண்டு குறுக்கே நடந்தது. கடலுக்குமேல் சூரியன் சிவப்பாய் எட்டிப் பார்த்தது. நயினார் கேமராவை அதன் பக்கம் தூக்கினார்.

பாக்கியசீலி அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"அதை எல்லாரும்தான் பாக்காங்க. அது எதைப் பாக்குதுன்னு பாருங்க."

வெளிச்சம் தரையோடு தரையாய்ப் பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு காலடியிலும் நிழல் இறங்கிக்கொண்டிருந்தது. சற்றுமுன் வெறும் மணலாய் இருந்த இடத்தில் தடங்கள் எழும்பி வந்தன. ஊரிலிருந்து கிளம்பிய வழிகள் பிரிந்தும் சேர்ந்தும் கடைசியில் ஊற்றுக்கே போய்ச் சேர்ந்தன. அவற்றுக்கிடையே ஆட்டுக் குளம்புகளும், மயில் தோகை இழுத்த கோடும். ஒரு தாயின் காலடிக்குப் பக்கத்தில் துள்ளித் துள்ளிப் போன சின்னக் காலடிகள்.

நயினாரின் விரல் துடித்தது.

"பொறுங்க. குழியில நிழல் நிரம்பட்டும்."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப."

அவர் எடுத்தார். அவள் தன் கேமராவைத் தொடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் காற்று எழுந்தது. ஊற்றுக்குப் போன வழிகளெல்லாம் அவர்கள் கண்முன்னாலேயே கரைந்தன.

கூட்டத்தில், அனுமதி கொடுக்க வேண்டிய அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். மேஜையின் ஒரு பக்கம் கம்பெனியின் படம். மறுபக்கம் காலையில் எடுத்து, அவசரமாக அச்சுப்போட்டுக் கொண்டுவந்த படம். கம்பெனி மேனேஜர் சிரித்தார்.

"கண்ணை மூடித் திறக்குற நேரம் சார் இது. வெளிச்சத்தை வச்சு வித்தை காட்டியிருக்காங்க. நாள் பூரா அங்க இருக்கறது எங்க படத்துல உள்ளதுதான்."

அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல எது நிஜம்?"

நயினார் எழுந்தார்.

"ரெண்டும் நிஜம்தான்யா. ரெண்டையும் எடுத்தது நான்தான்."

மேனேஜரின் சிரிப்பு நின்றது.

"அவங்க வச்சிருக்கது, எல்லாரும் வீட்டுக்குப் போன பொறவு எடுத்தது."

பெஞ்சுகளில் இருந்த பெண்களிடையே சலசலப்பு எழுந்தது. "நல்லாச் சொல்லுங்க அண்ணாச்சி!" என்றாள் தங்கபுஷ்பம். அதிகாரி கையமர்த்தினார்.

"சரி. நானே நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்றேன். திங்கக்கிழமை, பதினோரு மணி."

"கார் அனுப்பறேன் சார்" என்றார் மேனேஜர்.

பாக்கியசீலி எழுந்தாள்.

"பதினோரு மணிக்கு வந்தா அந்தப் பேனரைத்தான் பாப்பீங்க அய்யா."

"வேற எப்ப வரணும்?"

"காத்து அடங்கின ஒரு விடியக்காலையில."

"அது எப்ப?"

"தெரியாது."

மேனேஜர் குறுக்கே பாய்ந்தார். "ஒரு அதிகாரி வெளிச்சத்துக்காகக் காத்துக் கிடக்கணுமா?"

"நாங்க கிடந்தோம்" என்றாள் அவள், அதிகாரியைப் பார்த்தபடியே.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"சரிம்மா. அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அந்த மண்ணுல யாரும் கை வைக்கக் கூடாது."