ருசி சொல்லும் புத்தகம்

சங்கரபாண்டியனுக்கு எதையும் படித்துப் பார்க்காமல் செய்ய வராது. அவர் மிக்ஸியைப் பற்றிப் படித்து முடித்து வாங்கி வருவதற்குள் மனைவி கோமதி அம்மியிலேயே எத்தனையோ தீபாவளிக்கு அரைத்துவிட்டாள். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கேட்கவே வேண்டாம், நூலகமே கதி. நூலகர் ஜெசிந்தாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் "எனக்குக் குரு இந்தப் பிள்ளைதான்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

சித்திரை வெயிலில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது கோமதி ஒரு கடை வாசலில் நின்றுவிட்டாள்.

"ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தாங்களேன்."

"என்னத்தைப் போட்டுச் செஞ்சானோ. இரு, நான் படிச்சுப் பார்த்து வீட்டிலேயே செஞ்சு தாரேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை அவள். அன்றைக்குத்தான் கேட்டாள்.

மறுநாள் நூலகம் திறக்கும் முன்பே இவர் வாசலில் நின்றார். ஜெசிந்தாவும் சளைக்கவில்லை. ஒன்று கேட்டால் இரண்டு எடுத்துக் கொடுத்தாள். பாலைக் காய்ச்சும் பதம் பற்றி ஒரு புத்தகம், குளிர்பெட்டி இல்லாத காலத்தில் பனிக்கட்டியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த கதை ஒன்று. இங்கே இல்லாததை மாவட்ட நூலகத்திலிருந்து வரவழைத்தாள். கணினியில் படம் போட்டுக் காட்டினாள். ஐஸ்கட்டியில் உப்பைப் போட்டால் குளிர் கூடும் என்றும், ஐஸ்கிரீமில் பாதிவரைக்கும் வெறும் காற்று என்றும் தெரிந்தபோது மனுஷனுக்கு அத்தனை சந்தோஷம். மேஜையில் உட்கார்ந்து தன்பாட்டுக்குச் சிரித்துக்கொள்வார். பொய் சொல்லக் கூடாது, அந்தச் சந்தோஷம் நிஜமானதுதான்.

வெயில் போய் ஐப்பசி மழையும் வந்துவிட்டது.

"எப்போ செய்யப் போறீங்க?" என்று கோமதி ஒரு தடவை கேட்டாள்.

"இன்னும் ஒரு புத்தகம் பாக்கி இருக்கு."

கார்த்திகையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது. போகிற போக்கில் வாசனையையும் ருசியையும் கொண்டுபோய்விட்டது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். பொங்கல் வந்தது, ருசி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் ஐஸ்கிரீம் செய்தார்.

ஒரு மத்தியானம் சின்னத் தூக்குவாளியோடு நூலகத்துக்கு வந்தார். ஜெசிந்தா சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.

"செஞ்சுட்டேம்மா."

"அவங்க சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டா. நல்லா இருக்குன்னா." அவர் குரல் இறங்கியது. "அவளுக்கு ஒண்ணுமே தெரியலை. நான் வருத்தப்படக் கூடாதுன்னு சொல்றா. அதுதாம்மா தாங்கலை."

ஜெசிந்தா சாப்பாட்டை மூடி வைத்தாள்.

"ஐஸ்கிரீம் வாயில எப்படி இருக்கும்னு சொல்ற புத்தகம் ஏதாவது இருக்காம்மா? இருந்தா அவளுக்கு வாசிச்சுக் காட்டுவேன். பாவி நான், அதையாவது செய்யணும்."

அவள் எழுந்து அலமாரிகளுக்கு நடுவே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பினாள். தன் ஸ்பூனைக் கழுவி அவரிடம் நீட்டினாள்.

"நீங்க சாப்பிட்டீங்களா சார்?"

"நானா? இல்லையே. அவ முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன்."

"சாப்பிட்டுச் சொல்லுங்க."

தூக்குவாளியைத் திறந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"கொழுப்பு அளவு சரியா இருக்கு. பனித்துகள் தட்டுப்படலை. காற்று..."

"அது நான் எடுத்துக் குடுத்த புத்தகத்துல இருக்கு. உங்க வாயில இருக்கிறதைச் சொல்லுங்க."

இன்னொரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"இனிப்பா இருக்கு" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. இன்னும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"எனக்குச் சொல்ல வரலையேம்மா. இத்தனை படிச்சும் வரலையே."

"நானும்தான் எடுத்து எடுத்துக் குடுத்தேன்" என்றாள் ஜெசிந்தா. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இனி யாரும்மா சொல்லுவா?"

"அன்னிக்கே வாங்கிக் குடுத்திருந்தா, அவங்களே உங்களுக்குச் சொல்லியிருப்பாங்க சார்."