முதல் கூடை மண்

வருஷத்துக்கு வருஷம் கடல் ஏறிக்கொண்டே வந்தது. சங்குநாட்டையும் பவளநாட்டையும் காத்துநின்ற மண்கரை உடைந்ததும், சேர்ந்து அடைப்பதென்று இரண்டு ராஜாக்களும் ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் முதல் கூடை மண்ணைக் கொட்டும் மரியாதை யாருக்கு? ஆளுக்கொரு மண்கூடையோடு உடைப்பில் நின்றே சண்டை. தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. சங்குநாட்டு ராஜாவுக்குக் குடை பிடித்துநின்ற பூவாயி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் பிள்ளைகள் கீழே பள்ளத்துக் குடிசையில் இருந்தார்கள்.

"ஏய்! நாங்கள் முடிவு செய்யும்வரை கடலை நிறுத்திவை. இல்லாவிட்டால் உன் தலை இருக்காது!" என்று அவளைப் பார்த்து உறுமினார் சங்குநாட்டு ராஜா.

பூவாயி குனிந்து அலையிடம் ஏதோ முணுமுணுத்தாள்.

"நிற்கிறேன் என்கிறது, மகாராஜா. ஆனால் பசிக்கிறதாம். உங்களில் யாரை முதலில் கொண்டுபோவது என்று கேட்கிறது."

"அவரை!" என்று இருவருமே எதிராளியைக் கைகாட்டினார்கள்.

அடுத்த அலை இடுப்பைத் தொட்டது. இரண்டு கூடைகளும் உடைப்பில் ஒன்றாகக் கவிழ்ந்தன.