சோத்துப் பழக்கம் உள்ள மாப்பிள்ளை

முருங்கைக்கீரை உருவிக்கிட்டே சொல்றேன், ரெண்டே கட்டுதான், அதுக்குள்ள கதையும் முடிஞ்சிரும்.

கூழைக்குளம்னு ஒரு ஊர். அங்க மாசானம், சுடலைமணி, ஆவுடையப்பன்னு அண்ணன் தம்பி மூணு பேர். அறிவு ரொம்ப ஜாஸ்தி, அதனால அதை வெளிய எடுத்துச் செலவு பண்ணவே மாட்டாங்க. தாய் தகப்பன் இல்லை. ஒரே தங்கச்சி, பிரம்மசக்தி. அவளைப் பொண்ணு பார்க்க ரெண்டு தடவை ஆள் வந்தாங்க. ரெண்டு தடவையும், வந்தவங்க தட்டுல வெச்ச காராச்சேவை அண்ணன்மாரே எட்டி எடுத்துத் தின்னு தீர்த்துட்டாங்க. ரெண்டு சம்பந்தமும் போச்சு.

மூணாவதா ஒரு இடம் வந்துச்சு. மாப்பிள்ளை பேரு தளவாய், லோடு ஆட்டோ ஓட்டுறவர். போட்டோவைப் பார்த்ததுமே பிரம்மசக்திக்குப் பிடிச்சுப்போச்சு.

"இதுவும் சேவாலேயே கலைஞ்சா, நான் காலம் பூரா உங்க மூணு பேருக்கும் பொங்கிப் போட்டே சாகணும். போய் ஊர் ஆஸ்பத்திரி நர்சம்மாகிட்ட வழி கேளுங்க"ன்னு அழுதா.

நர்சம்மா சொன்னாங்க: "திங்கிற பொருளும் சில பேருக்குப் போதை மாதிரி ஆயிரும். ஒரு நாள் விட்டுப் பாருங்க. எந்நேரமும் அதே நினைப்பா இருந்து, தலை சுத்தி, கை நடுங்குச்சுன்னா அடிமையாயிட்டீங்கன்னு அர்த்தம்."

மூணு பேரும் ஒரு நாள் சேவை விட்டாங்க. அந்தத் துக்கத்துல மூணு பானைச் சோறு தின்னாங்க. தலை சுத்தவே இல்லை. சேவு மேல குத்தம் இல்லைன்னு தீர்ப்பாச்சு.

ஆனா ஆவுடையப்பன் நியாயஸ்தன். "ஒண்ணை மட்டும் சோதிச்சா எப்படி? சோத்தையும் சோதிப்போம்"னான். மறுநாள் சோத்தை விட்டாங்க. மத்தியானத்துக்குள்ள வீடே சுத்திருச்சு.

"அண்ணே, எனக்குக் கை நடுங்குது."

"எனக்குச் சோத்து நினைப்பாவே இருக்குல!"

"எத்தனை வருசமாத் திங்கோம்?"

"பல்லு முளைச்ச நாள்ல இருந்து."

"அப்போ முத்திப்போச்சு. ஊட்டி ஊட்டிப் பழக்குனது யாரு? நம்ம அம்மாதான். எவ்வளவு நம்புனோம்!"

அன்னிலேர்ந்து சோத்தைக் கண்டா ஓட்டம். சேவுதான் மருந்து. பிரம்மசக்தி லேசுப்பட்டவளா? வர்றவங்களுக்கு வேணும்கிற சேவை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சா. அண்ணன்மார் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் உண்டான்னு விசாரிக்கணும்லா? மாசானம் தொண்டையைச் செருமினான்.

"குடி, பீடி ஏதும் உண்டா?"

"கிடையவே கிடையாது"ன்னார் மாப்பிள்ளையோட அப்பா.

"சோறு?"

"அது திம்பான். மூணு வேளையும்."

"மூணு வேளையுமா! வீட்ல வெச்சேவா?"

"அவன் அம்மாதான் போட்டுக் குடுப்பா."

"பார்த்தியால, இங்கயும் அம்மாதான்!" சுடலைமணி தலையில கைவெச்சு உட்கார்ந்துட்டான். நர்சம்மா சொன்ன கணக்கை எடுத்துச் சொன்னான். வந்தவரும் அறிவுல குறைஞ்சவர் இல்லை. கேட்கக் கேட்கக் கண்ணு கலங்கிப்போச்சு.

"மறைச்சுக் கட்டிவெச்சா எனக்குப் பாவம், மருமக்கமாரே. அவனுக்கு இன்னொரு பழக்கமும் இருக்கு. எந்நேரமும் காத்தை உள்ள இழுத்துக்கிட்டே இருப்பான். அரை நிமிசம் மூக்கைப் பொத்துனா தலை சுத்திரும். உறக்கத்துலகூட நிறுத்த மாட்டேங்கான்."

மாப்பிள்ளை தலையைக் குனிஞ்சுக்கிட்டார். பாவம், அப்பவும் இழுத்துக்கிட்டுதான் இருந்தார். மாசானம் துண்டை உதறித் தோள்ல போட்டு, "இந்தச் சம்பந்தம் சரிப்படாது"ன்னு எந்திரிச்சான்.

அடுக்களையில இருந்து பிரம்மசக்தி ஓடி வந்தா. "அண்ணே, எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு."

"அடிப்பாவி! எப்ப இருந்து?"

"பொறந்ததுல இருந்தே. உங்களுக்குத் தெரியாம இழுத்துக்கிட்டுதான் இருக்கேன்."

ஆவுடையப்பன் விரலை மடக்கி மடக்கி எண்ணுனான். அப்புறம் மெதுவாச் சொன்னான்: "அண்ணே, சோசியர் பத்துப் பொருத்தம்தானே சொன்னாரு. இது பதினொண்ணாவது!"

தட்டு மாத்தியாச்சு. ஆனா அண்ணன்மாருக்குப் பொறுப்பு இருக்குல்லா? ஒரேயடியா நிறுத்துனா உடம்பு தாங்காது, முதல்ல பாதியாக் குறைப்போம்னு, கல்யாணத்தன்னிக்குக் காலையில ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு மூக்குத் துளையில பஞ்சை அடைச்சு மணையில உட்கார வெச்சாங்க.

எப்படியோ தாலி ஏறிருச்சு. பஸ்ஸு பிந்தி வந்த பெரியம்மா ஒருத்தி மணமேடையில ரெண்டு பேர் மூக்குலயும் பஞ்சைப் பார்த்தா. "ஐயோ என் ராசாத்தி, சோடியாப் போயிட்டியளே!"ன்னு மாரடிச்சா. பின்னாலயே பத்துப் பொம்பளைங்க வட்டம் கட்டி உட்கார்ந்து ஒப்பாரி. மாசானமும் யாரு செத்ததுன்னு கேட்காமலே துண்டை வாயில வெச்சுக்கிட்டு அழுதான்.

தவில்காரர் கையை நிறுத்திட்டார். "அண்ணாச்சி, இப்போ நான் கல்யாணத்துக்கு அடிக்கவா, சாவுக்கு அடிக்கவா?"

மூணு பேரும் ஓரமாப் போய் யோசிச்சாங்க. சுடலைமணி வந்து தவிலை ஒரு தடவை சுத்திப் பார்த்தான். "ரெண்டு பக்கமும் தோல் இருக்குல்லா? எதுக்கு வேய் தகராறு, பக்கத்துக்கு ஒண்ணா அடியும்!"

தவில்காரரும் வலது பக்கம் கெட்டிமேளமும் இடது பக்கம் சாவுக்கொட்டுமா வெளுத்து வாங்க, மாப்பிள்ளை மணையைவிட்டு எந்திரிச்சு, இந்தா, கீரையை உருவிட்டு வாரேன் அத்தை, பிள்ளை முழிச்சிட்டானா, தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டுங்க... ஆங், மாப்பிள்ளை எந்திரிச்சு நேரா அந்தப் பெரியம்மாகிட்டப் போய்... அட, பிள்ளை அழுதே போட்டான், கீரையும் தீர்ந்துபோச்சு, மிச்சக் கதையை நாளைக்குச் சொல்றேன்!