மூன்றாம் சரணம்

"சாமி, அந்தப் பாட்டை இனிமே என்னால பாட முடியாது. அலுத்துப் போச்சு," என்றான் குணசீலன். வணக்கம் வைக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

எதிரே உட்கார்ந்திருந்தவர் தறிச்சாமி. ஏற்காடு மலையடியில் இருக்கும் சாமியார். முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியதில் ஒரு காது போய்விட்டது. ராக் பாடகன் ஞானம் கேட்க வேறு ஆளே கிடைக்கவில்லையா? கிடைக்கவில்லை. களைப்பு அப்படி.

அது எழுபத்தொன்றாம் வருஷம். மெட்ராஸ் காலேஜ் பிள்ளைகளுக்கு குணசீலனின் 'மின்னல் பாய்ஸ்' குழு என்றால் உயிர். அதில் டிரம்ஸ் வாசிக்கும் ஜெரோம் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். மெட்ராஸிலிருந்து ஒரே வேனில்தான் வந்தார்கள். வழியெல்லாம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"எந்தப் பாட்டு?" என்றார் சாமி.

"'கேட்டு மூடியிருக்கு'ன்னு ஒண்ணு. ரயில்வே கேட்டுல ஒருத்தன் சைக்கிளோட காத்துக்கிட்டு நிப்பான். பத்தொன்பது வயசுல எழுதினேன்."

"சரி."

"அப்போ கோட்டு சூட்டு போட்டு ஓட்டல்ல பாடுனோம். அப்புறம் முடி வளர்த்தோம். சித்தார் சேர்த்தோம். போன வருஷம் ஒரே பாட்டு, இருபத்தஞ்சு நிமிஷம், வார்த்தையே கிடையாது."

"நல்லா இருந்துச்சா?"

"எனக்கு உசுரு சாமி. ஆனா பத்தாவது நிமிஷமே கூட்டத்துல பின்னாலேர்ந்து கத்த ஆரம்பிச்சுடுவானுங்க. 'கேட்டு! கேட்டு!'ன்னு. நாங்க எங்க போனாலும் அந்தப் பாழாப்போன கேட்டுலயே கொண்டுவந்து நிறுத்துறானுங்க."

சாமி தலையாட்டினார்.

"இன்னிக்கு ஆறு மணிக்குச் சேலம் பொருட்காட்சியில கச்சேரி. அதைப் பாடலேன்னா ஜெரோம் விலகிடுவானாம். அவன் போனா குழு அவ்வளவுதான். பாடுனா நான் அவ்வளவுதான். என்ன செய்யட்டும்?"

"பாடு. கேப்போம்."

"இப்பவா?"

சாமி நல்ல காதைத் திருப்பிக்கொண்டார்.

குணசீலன் பாடினான். ரேஷன் கடையில் பேர் வாசிக்கிற மாதிரி ஒரு சரணம். அதே மாதிரி இன்னொன்று.

அப்புறம் வாயை மூடிக்கொண்டு வலது கையைச் சாமியின் முகத்துக்கு நேரே நீட்டினான். கையில் ஒன்றும் இல்லை.

"என்னப்பா இது?"

சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். வெட்கமாகப் போய்விட்டது.

"பழக்க தோஷம் சாமி. மூணாவது சரணத்தை ஜனங்கதான் பாடுவாங்க. ஒரு தடவை பெங்களூர்ல தொண்டை கட்டிருச்சு. மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டினேன். அவங்களே பாடுனாங்க. ஒரே விசில். அதுலேர்ந்து அப்படியே விட்டுட்டேன்."

"எத்தனை வருஷமா?"

"நாலு இருக்கும்."

"இங்க ஜனங்க இல்லையே. நீயே பாடு."

குணசீலன் வாயைத் திறந்தான். மூடினான். நெற்றியைத் தேய்த்தான். மறுபடியும் முதல் அடியிலிருந்து முணுமுணுத்துப் பார்த்தான்.

"வரமாட்டேங்குது சாமி."

அப்போதுதான் வாசலிலிருந்து பாட்டு வந்தது. ஜெரோமுக்குக் கட்டைக் குரல். அவனை யாரும் பாடச் சொன்னதே இல்லை.

"கேட்டு தெறந்தாச்சு, எல்லாரும் போயாச்சு.
எதுக்கு நின்னேன்னு எனக்கே மறந்தாச்சு."

குணசீலன் திரும்பிப் பார்த்தான்.

"இதை நானா எழுதினேன்?"

"நீதான்டா. இந்த ரெண்டு வரிக்காகத்தான் அப்பாகிட்ட அடி வாங்கிட்டு உன்னோட வந்தேன்," என்றான் ஜெரோம். அவன் கண் கலங்கியிருந்தது.



"ஏம்ப்பா, அலுத்துப் போச்சுன்னியே," என்றார் சாமி. "கடைசியா எப்போ முழுசாப் பாடுன?"

குணசீலன் எழுந்து போய் வாசற்படியில், ஜெரோமின் காலடியில் உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவை சொல்லுடா. மெதுவா."