கம்பி பிடுங்கிய சன்னல்

பூவனக்கோட்டை ராஜா குமாரபூபதிக்கு வெள்ளைக்காரத் துரையிடம் இங்கிலீஷில் வெளுத்துக்கட்ட வேண்டும் என்று ஆசை. தினம் காலையில் ஒரு வார்த்தை படிப்பார். பொழுது சாய்வதற்குள் அதை நடத்திப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். 'பிக்னிக்' படித்த அன்று அரண்மனையே ஆற்றங்கரையில் சாப்பிட்டது. வெள்ளிக்கிழமை மட்டும் புதுசு கிடையாது. அந்த வாரம் படித்ததில் ஒன்றைத் திரும்ப நடத்துவார்.

அந்த வியாழக்கிழமை வாய்த்த வார்த்தை டிஃபெனெஸ்ட்ரேஷன். ஆளைத் தூக்கிச் சன்னல் வழியாக எறிவதாம். அதற்குப் போய் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! 1618இல் பிராக் நகரக் கோட்டையில் அப்படி எறிந்ததில் முப்பது வருஷ யுத்தமே மூண்டதாம்.

"யாரை எறியலாம்?" என்றார் ராஜா.

திவான் நஞ்சப்பருக்கு வாயெல்லாம் பல். இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்லும் துபாஷி தாண்டவராயனை ஒழித்துக்கட்ட அவர் வெகுநாளாகக் காத்திருந்தார். முந்தின நாள் ராஜாவின் வீணைக் கச்சேரியில் கொட்டாவி விட்டவன் அவன்தான் என்று எடுத்துக்கொடுத்தார். ராஜாவின் முகம் சிவந்தது. அரண்மனைச் சன்னல்கள் எல்லாவற்றுக்கும் கம்பி உண்டு. அதனால் என்ன? தச்சனை ஏவி, மாடிச் சன்னல் ஒன்றின் கம்பிகளைப் பிடுங்க வைத்துவிட்டார் திவான்.

தாண்டவராயன் எட்டிப் பார்த்தான். கீழே கருங்கல் தளம். மத்தியானத்துக்கு வத்தக்குழம்பு வைக்கச் சொல்லிவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. ஆனால் பிராக் சங்கதியை ராஜாவுக்குப் படித்துச் சொன்னவனே அவன்தான். ராஜா பாதியில் எழுந்துபோய்விட்டார். மீதிக் கதை இவனிடம் இருந்தது.

"அடியேன் தயார், மகாராஜா. ஆனால் அரைகுறையாகச் செய்தால் துரை சிரிப்பார். சரித்திரத்தில் நடந்தபடியே நடக்கணும்."

"இம்மி பிசகாது" என்று சபையறிய வாக்குக் கொடுத்தார் ராஜா.

புஸ்தகம் வந்தது. தாண்டவராயன் நிதானமாகப் படித்தான். எறியப்பட்டவர்கள் மூன்று பேர். முதல் இருவர் மன்னருக்காக ஆட்சி நடத்திய பெரிய அதிகாரிகள். எழுத்துவேலைக்காரர் மூன்றாவதாகத்தான் போனார்.

"இங்கே பெரியவர் நம்ம திவான். அடுத்தது அவர் மைத்துனர் தளவாய். ரெண்டு பேரும் முன்னால் போகட்டும். அடியேன் பின்னாலேயே வர்றேன்."

திவானுக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த மூவரும் பிழைத்துக்கொண்டார்கள், கீழே குப்பைமேடு இருந்ததாகச் சொல்கிறார்கள் என்று தாண்டவராயன் தைரியம் சொன்னான். இங்கே கருங்கல்தான் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டான். திவான் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார். அது கொட்டாவியே அல்ல, வீணையில் சொக்கி வாய் பிளந்தது என்று சாதித்தார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்றைக்கு யாரையும் எறிய வேண்டாம் என்று கையமர்த்தினார். அந்த எழுத்துவேலைக்காரர் பிறகு என்ன ஆனார் என்று கேட்டார். சக்கரவர்த்தி அவருக்குப் பிரபு பட்டம் கொடுத்ததாகச் சொன்னான் தாண்டவராயன். வாக்கு வாக்குதானே. பட்டமும் பட்டுச் சால்வையும் அப்போதே வந்தன. இன்னும் ஏதாவது வேண்டுமானால் கேள் என்றார் ராஜா.

தாண்டவராயன் மெல்லச் சன்னல் பக்கம் திரும்பினான்.

"அந்தக் கம்பியை இன்னைக்கே திரும்பப் போடச் சொல்லணும், மகாராஜா. நாளைக்கு வெள்ளிக்கிழமை."