ஆக்டனுக்கு லேஸ் கட்டுகிறவன்

குரு என்றதும் தாடியும் காவியும் தேட வேண்டாம். இந்தக் குருவுக்கு வழுக்கைத் தலை, கோணல் மூக்கு. பெயர் ஆக்டன். பெரிய யுத்தம் முடிந்த கையோடு வட இங்கிலாந்தில் ஒரு நூற்பாலை ஊரின் கால்பந்து அணிக்குத் தடுப்பாட்டக்காரர் ஆனவர். அவர் நிற்கிற பக்கம் பந்தைக் கொண்டுபோக எதிரணி யோசிக்கும்.

அவருக்கு ஒரு வழக்கம். தன் பூட்ஸ் லேஸைத் தானே கட்ட மாட்டார். மாற்று ஆட்டக்காரன்தான் குனிந்து கட்டவேண்டும். "என்ன திமிர் பாரு!" என்று ஊரே பேசியது.

அந்த வருஷ மாற்று ஆட்டக்காரன் டெரிக். யாருக்காவது முடியாமல் போனால்தான் அவனுக்கு இடம். யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று சனிக்கிழமை தவறாமல் வேண்டிக்கொள்வான். அவ்வளவு பயம். ஒரு சனிக்கிழமை எதிரணியில் ஹாக்லி என்ற முரடன் வேறு. அவன் மோதி எலும்பு முறிந்தால் பிழைப்பே போய்விடும்.

உடை மாற்றும் அறையில் டெரிக் வழக்கம்போலக் குனிந்தான்.

"இரு. இன்னைக்கு நானே கட்டிப் பார்க்கிறேன்" என்றார் ஆக்டன்.

டெரிக் நிமிர்ந்தான். "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லப்பா. ஆட்டத்துக்கு முன்னாடி என் கை நடுங்கும். முடிச்சே விழாது. பயம்னு சொல்ல வெட்கம். நீங்க திமிர்னு நினைச்சீங்க, நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

லேஸைக் கட்டினார். முடிச்சு கச்சிதமாக விழுந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அவிழ்த்துவிட்டார்.

"அப்போ பயம் போயிடுச்சு! எப்படிப் போச்சு? எனக்கும் சொல்லுங்களேன்."

"என்னோட லென்னு ஒருத்தன் ஆடினான். ஒருநாள், எனக்குப் பயமே இல்லடான்னு சிரிச்சுக்கிட்டே இறங்கினான். எதிரணியில இருந்த ஒரு சின்னப்பையன் மேல பாய்ஞ்சான். கால் முறிஞ்ச சத்தம் எனக்கு இன்னும் கேட்குது. அந்தப் பையன் அப்புறம் ஆடவே இல்ல. லென்னுக்கு ஒரு கீறல்கூட இல்ல."

ஆக்டன் சட்டையைக் கழற்றி டெரிக்கின் மடியில் போட்டார்.

"இன்னைக்கு எனக்கும் பயம் இல்ல. என் ஆட்டம் முடிஞ்சுது. மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். போட்டுக்க."

"ஐயோ, என்னால ஆகாது! ஹாக்லி என்னைக் கொன்னே போட்டுடுவான்!"

வெளியே கூட்டம் கத்தியது. டெரிக் சட்டையை மாட்டினான். பூட்ஸுக்குள் காலை நுழைத்தான். லேஸ் மட்டும் விரலில் நிற்கவில்லை. கை வெடவெடவென்று ஆடியது.

"பாருங்க, லேஸ்கூடக் கட்ட முடியல. நான் எப்படி ஆடுவேன்?"

ஆக்டன் அவன் முன்னால் மண்டியிட்டார்.

"காலை நீட்டு" என்றார்.